பாதாள மெட்ரோவில் லைன் மாறுவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

மெட்ரோவில் ஓரிடத்தில் ஏறி இன்னோரிடத்தில் இறங்குவது யாருக்கும் கஷ்டமில்லை. நடுவில் ஒரு பெரிய சுரங்க நிலையத்தில் இறங்கி வேறு லைனைப் பிடிக்க வேண்டும் என்று வரும்போதுதான் பலருக்கு வயிற்றைக் கலக்கும். கிழக்கு எது மேற்கு எது என்று புரியாது, கைப்பேசி வரைபடத்தில் இருக்கும் நீலப் புள்ளி இரண்டு தெரு தள்ளிப் போய் உட்கார்ந்திருக்கும், பின்னால் வருகிறவர்கள் இடித்துக்கொண்டே போவார்கள். அந்தப் பத்து நிமிடத்தை எப்படிக் கடப்பது என்பதுதான் இங்கே விஷயம். ஊர் எதுவானாலும் முறை ஒன்றுதான்: யோசிக்க வேண்டியதையெல்லாம் ரயிலுக்குள் இருக்கும்போதே யோசித்து முடித்துவிடுங்கள், பிளாட்பாரத்தில் கால் வைத்த பிறகு பலகையைப் படிப்பதும் நடப்பதும் மட்டுமே மிச்சம் இருக்கட்டும்.

இந்த நிலையங்கள் ஏன் இவ்வளவு குழப்பமாக இருக்கின்றன என்பதை முதலில் தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும். பெரும்பாலான இடங்களில் இவற்றை ஒரே நேரத்தில் ஒரே திட்டமாகக் கட்டவில்லை. முதலில் ஒரு லைன் வரும், தெருவை வெட்டித் திறந்து, சுரங்கம் அமைத்து, மேலே மூடிவிடுவார்கள். பல வருடங்கள் கழித்து இன்னொரு லைன் அதே இடத்தைக் கடக்கும், பழைய சுரங்கத்தைத் தொட முடியாது என்பதால் அதற்கும் கீழே துளைத்துக்கொண்டு போகும். அப்புறம் இரண்டையும் இணைக்கப் படிக்கட்டு, சாய்தளம், வளைந்து வளைந்து போகும் நடைபாதை. லண்டனில் பேங்க், மான்யுமென்ட் என்று இரண்டு தனித்தனி நிலையங்கள் இருந்தன, 1933-இல் எஸ்கலேட்டர் போட்டு அவற்றை இணைத்தார்கள், இன்றைக்கும் அது ஒரே வளாகம், ஆனால் இரண்டு பெயர். ஆக, உங்களுக்கு வழி சட்டென்று புரியவில்லை என்றால் உங்களிடம் குறை ஒன்றும் இல்லை, கட்டடமே அப்படித்தான் வளர்ந்திருக்கிறது.

படி 1: கிளம்பும் முன் நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு துண்டுக் காகிதம் போதும், அல்லது கைப்பேசியில் குறித்துக்கொண்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கீழே சிக்னல் கிடைக்கும் என்று எல்லா ஊரிலும் நம்ப முடியாது. எழுத வேண்டியது: எந்த நிலையத்தில் மாற வேண்டும், மாறிப் பிடிக்க வேண்டிய லைனின் நிறம் அல்லது எண், அந்த லைன் நீங்கள் போகும் திசையில் எந்த நிலையத்தில் போய் முடிகிறது, கடைசியாக நீங்கள் இறங்க வேண்டிய இடம்.

மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பாரிஸ், டெல்லி மாதிரியான பல ஊர்களில் திசையைக் காட்டும் பலகையில் நீங்கள் இறங்கும் நிலையத்தின் பெயர் பெரிதாக இருக்காது, லைன் முடியும் நிலையத்தின் பெயர்தான் இருக்கும். லண்டனில் வடக்கு நோக்கி, தெற்கு நோக்கி என்று திசையைச் சொல்வார்கள், நியூயார்க்கில் மேல்நகரம் (அப்டவுன்), கீழ்நகரம் (டவுன்டவுன்) என்கிற கணக்கு. எந்த முறையோ, அந்த ஊர் எப்படிச் சொல்கிறதோ அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மொழி தெரியாத ஊர் என்றால் எழுத்தை அப்படியே படம் பிடித்துக்கொள்வது நல்லது, அல்லது நிலைய எண் இருக்கிறதா என்று பாருங்கள். டோக்கியோவில் கின்சா நிலையத்துக்கு ஒரு லைனில் ஜி09 என்றும் இன்னொரு லைனில் எம்16 என்றும் எண் உண்டு, எழுத்து லைனைச் சொல்கிறது, எண் வரிசையைச் சொல்கிறது, எண்கள் ஏறுகின்றனவா இறங்குகின்றனவா என்று பார்த்தாலே சரியான திசையில் போகிறோமா என்று தெரிந்துவிடும். மெக்சிகோ நகரம் ஒரு படி மேலே போய், 1969-இல் மெட்ரோ தொடங்கியபோதே நிலையத்துக்கு ஒரு படம் என்று கொடுத்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்து இறங்கலாம். மற்ற ஊர்கள் ஏன் இதைக் காப்பியடிக்கவில்லை என்பது எனக்குப் புரியாத புதிர்.

இன்னொன்று, மெட்ரோ வரைபடத்தில் தெரியும் தூரத்தை நம்பாதீர்கள். லண்டனுக்காக ஹாரி பெக் வரைந்து 1933-இல் வெளியான வரைபடத்திலிருந்து இன்றுவரை உலகம் முழுக்க மெட்ரோ வரைபடங்கள் பெரும்பாலும் நேர்கோடும் சாய்கோடுமாகத்தான் வருகின்றன. எந்த நிலையத்துக்குப் பிறகு எது என்று அவை சரியாகச் சொல்லும், எவ்வளவு தூரம் என்று சொல்லாது. மாறும் நிலையத்தை ஒரு சின்ன வெள்ளை வட்டமாகப் போட்டிருப்பார்கள். அந்த வட்டத்துக்குள் எதிர்ப் பக்கம் நான்கு எட்டு வைக்கிற தூரமும் இருக்கலாம், கால் மணி நேர நடையும் இருக்கலாம்.

மாற வேறு நிலையங்களும் இருந்தால் பெரிய நிலையத்தை விட்டுவிட்டுச் சின்னதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு லைன் மட்டும் சந்திக்கும் இடத்தில் மாறுவது, ஐந்து லைன் சந்திக்கும் இடத்தில் மாறுவதைவிடப் பெரும்பாலும் சுலபம், ஒரு நிலையம் கூடுதலாகப் போக வேண்டியிருந்தாலும்.

படி 2: டிக்கெட்

கடைசியாக இறங்கும் இடத்துக்கே டிக்கெட் எடுங்கள், மாறும் நிலையத்துக்கு அல்ல. பெரும்பாலான மெட்ரோக்களில் முழுப் பயணத்துக்கும் ஒரே டிக்கெட்தான், நடுவில் எத்தனை லைன் மாறினாலும் சரி. பயண அட்டை என்றால் அந்தக் கவலையும் இல்லை.

படி 3: ரயிலுக்குள்ளேயே செய்ய வேண்டியது

எந்தப் பெட்டியில் ஏறுகிறீர்கள் என்பது நிறைய மாற்றும். மெட்ரோ ரயில் நீளமானது, இணைப்புப் படிக்கட்டு பிளாட்பாரத்தின் ஒரு முனையில் மட்டும் இருக்கும் நிலையங்களில், தவறான முனையில் இறங்கினால் ரயில் நீளம் முழுவதையும் கூட்டத்துக்கு எதிராக நடக்க வேண்டிவரும். சியோலில் இதற்கென்றே கணக்கு வைத்திருக்கிறார்கள், பிளாட்பாரக் கதவுகளில் 3-2 என்பதுபோல எழுதியிருக்கும், மூன்றாவது பெட்டி, இரண்டாவது கதவு என்று அர்த்தம், இந்த நிலையத்தில் மாறுவதற்கு இந்தக் கதவு நல்லது என்று வழிகாட்டிச் செயலிகளும் அதே எண்ணைச் சொல்லும். உங்கள் ஊர்ச் செயலியில் முன்பக்கம், நடு, பின்பக்கம் என்று ஏதாவது குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றும் இல்லை என்றால் நடுப் பெட்டியில் ஏறுங்கள், எந்த முனையானாலும் பாதி நடைதான். டெல்லியில் ரயில் போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது, அதில் போகிறவர்கள் எப்போதும் முன் முனையில்தான் இறங்குவார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மாறும் நிலையத்துக்கு முந்தைய நிலையம் தாண்டியதும் பையை எடுத்து மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் வந்துவிடுங்கள். எந்தப் பக்கக் கதவு திறக்கும் என்று பெரும்பாலும் அறிவிப்பார்கள். மாஸ்கோவில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே திசை தெரியும் என்பார்கள்: நகர மையத்தை நோக்கிப் போகும் ரயிலில் ஆண் குரல், மையத்தை விட்டு விலகும் ரயிலில் பெண் குரல். வட்ட லைனில் கடிகார முள் திசைக்கு ஆண் குரல், எதிர்த் திசைக்குப் பெண் குரல்.

அதே மாஸ்கோவில் புதியவரைக் கவிழ்க்கும் சங்கதி ஒன்றும் இருக்கிறது. ஒரே இணைப்பு நிலையம்தான், ஆனால் ஒவ்வொரு லைனிலும் அதற்கு வேறு பெயர். லெனின் நூலகத்தின் பெயரில் உள்ள நிலையம், அலெக்சாந்திரோவ்ஸ்கி சாத், அர்பாத்ஸ்கயா, பரவீத்ஸ்கயா என்று நான்கு பெயர்கள் உள்ளே ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. நீங்கள் எழுதிவைத்த பெயர் எங்கேயும் இல்லையே என்று திகைத்தால், மாறப் போகும் லைனில் அந்த இடத்துக்கு என்ன பெயர் என்று வரைபடத்தில் பாருங்கள்.

படி 4: இறங்கியதும் ஒதுங்கி நில்லுங்கள்

இதுதான் மிக முக்கியமான படி, இதற்கு ஆகும் நேரம் அரை நிமிடம்கூட இல்லை.

கதவு திறந்ததும் உள்ளே இருந்தவர்கள் மொத்தமாக ஒரு பக்கம் பாய்வார்கள், நம் கால்கள் தன்னாலே அவர்களோடு போகும். போகாதீர்கள். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் வெளியே போகிறவர்களாக இருக்கலாம், அல்லது உங்களுக்குச் சம்பந்தமில்லாத மூன்றாவது லைனுக்குப் போகிறவர்களாக இருக்கலாம், தினமும் வருகிறவர்கள் என்பதால் பலகையை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். நீங்கள் இரண்டு எட்டு நகர்ந்து ஒரு தூண் ஓரமாகவோ சுவர் ஓரமாகவோ நில்லுங்கள். கதவுக்கு நேர் எதிரே மட்டும் நிற்காதீர்கள், படிக்கட்டின் முதல் படியிலும் நிற்காதீர்கள், நெரிசல் நேரத்தில் அது ஆபத்து. ரயில் கிளம்பிப் போகட்டும். அது போனதும் பிளாட்பாரம் காலியாகும், எதிர்ச் சுவர் தெரியும், பலகைகள் தெரியும், எல்லாம் திடீரென்று எளிதாகிவிடும்.

இப்போது பலகையைப் படியுங்கள். அதில் இரண்டு வகைச் செய்தி கலந்திருக்கும். ஒன்று வெளியேறும் வழி, அதற்கு எழுத்தோ எண்ணோ இருக்கும், அதற்குப் பக்கத்தில் தெருப் பெயர், மருத்துவமனை, சந்தை என்று எழுதியிருக்கும். இன்னொன்று லைன், அது நிறத்தாலோ வட்டத்துக்குள் எண்ணாலோ காட்டப்பட்டிருக்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது மட்டும். முதல் வகையைக் கண்ணிலிருந்தே கழித்துவிடுங்கள், பலகையில் பாதி எழுத்து குறைந்துவிடும். டெல்லி ராஜீவ் சௌக்கில் மஞ்சள் லைனும் நீல லைனும் சந்திக்கின்றன, அங்கே தரையிலேயே நிறநிறமாகக் காலடித் தடங்கள் ஒட்டியிருக்கிறார்கள், நீலம் வேண்டுமென்றால் நீலப் பாதங்களின் மேல் நடக்க வேண்டியதுதான். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்க முடியாத நெரிசலில் அதைவிட நல்ல யோசனை இருக்க முடியாது.

அம்புக்குறியில் ஒரு சின்னச் சிக்கல்: மேல்நோக்கிய அம்பு "நேராகப் போ" என்பதா, "மாடிக்கு ஏறு" என்பதா? பலகைக்குக் கீழே படிக்கட்டோ எஸ்கலேட்டரோ இருந்தால் ஏறு, இல்லையென்றால் நேராகப் போ. பலகைக்குப் பலகை நடங்கள். அடுத்து பிரியும் இடத்தில் பலகை இல்லை என்றால் எங்கோ தப்பிவிட்டது, முந்தைய பலகைக்குத் திரும்பிப் போங்கள். யூகித்து நடப்பதைவிட அது சீக்கிரம் முடியும்.

படி 5: எந்த வகை இணைப்பு என்று கண்டுபிடியுங்கள்

இருப்பதிலேயே சொகுசானது எதிர்ப் பக்க மாற்றம். இறங்கிய பிளாட்பாரத்தின் மறுபக்கத்திலேயே அடுத்த லைன் ரயில் வரும், படி ஏறவே வேண்டாம். லண்டனில் விக்டோரியா லைனைக் கட்டியபோது ஆக்ஸ்போர்ட் சர்க்கஸ், ஸ்டாக்வெல் போன்ற இடங்களில் இப்படி அமைத்தார்கள். சிங்கப்பூரில் சிட்டி ஹால், ராஃபிள்ஸ் பிளேஸ் என்று அடுத்தடுத்த இரண்டு நிலையங்களிலும் இதே வசதி உண்டு, இரண்டு லைன்களும் இரண்டு நிலையங்களையும் கடக்கின்றன, இரண்டு அடுக்குகளில். ஹாங்காங்கில் மாங்காக், பிரின்ஸ் எட்வர்ட் இரண்டும் இதுபோல ஜோடி நிலையங்கள். இங்கேதான் விஷயம்: ஒரு நிலையத்தில் எதிர்ப் பக்கம் வருவது உங்களுக்கு வேண்டிய திசை ரயிலாக இருக்கலாம், அடுத்த நிலையத்தில் அதே இடத்தில் எதிர்த் திசை ரயில் வரலாம். எந்தத் திசைக்கு எந்த நிலையத்தில் இறங்குவது என்று ரயிலுக்குள்ளேயே அறிவிப்பார்கள், அதைக் கேட்டு இறங்கினால் படிக்கட்டே இல்லாமல் வேலை முடியும்.

இரண்டாவது, மேலும் கீழுமாக இருக்கும் அடுக்கு நிலையம். இதில் நடை குறைவு, ஏறி இறங்குவது அதிகம். எஸ்கலேட்டரில் ஊர் வழக்கத்தைக் கவனியுங்கள். லண்டனில் நிற்பவர் வலப்பக்கம், டோக்கியோவில் இடப்பக்கம், ஒசாக்காவில் மறுபடி வலப்பக்கம். முன்னால் நிற்கிறவர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நின்றுகொண்டால் வம்பில்லை. மாஸ்கோவின் பார்க் பபேதி நிலையத்தில் எஸ்கலேட்டரின் நீளம் 126 மீட்டர், அதில் ஏறி முடிக்கக் கிட்டத்தட்ட மூன்று நிமிடம் ஆகும். அந்த மாதிரி ஆழமான இடங்களில் ஓடி ஏறலாம் என்று ஆரம்பிக்காதீர்கள், பாதியில் மூச்சு வாங்கும்.

மூன்றாவது, நீண்ட நடைபாதை. பாரிஸின் ஷாத்லே நிலையத்தில் 1, 4, 14 ஆகிய லைன்கள் ஒரு பக்கம், 7, 11 ஆகிய லைன்கள் இன்னொரு பக்கம், நடுவில் நகரும் நடைபாதை போட வேண்டிய அளவுக்குத் தூரம். பார்சிலோனாவின் பசேய்ச் த கிராசியாவிலும் 3-ஆம் லைனிலிருந்து மற்ற லைன்களுக்குப் போகும் சுரங்கப்பாதை முடிவே இல்லாததுபோல நீளும். இந்த வகையில் பாதி வழியில் சந்தேகம் வரும், வழி தப்பிவிட்டோமோ என்று. சுவரில் உங்கள் லைனின் நிறம் தொடர்கிறது என்றால் தப்பவில்லை, நடந்துகொண்டே இருங்கள். இப்படிப்பட்ட நிலையத்தில் மாற வேண்டியிருந்தால் பயண நேரத்தில் பத்து நிமிடம் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நெரிசல் நேரத்தில் சில நடைபாதைகளை ஒருவழியாக மாற்றிவிடுவார்கள். காலையில் போன வழி மாலையில் அடைத்திருக்கும், சுற்றிப் போகச் சொல்வார்கள். வாதாடாமல் சுற்றிப் போவதுதான் புத்திசாலித்தனம்.

படி 6: டிக்கெட் கேட் வந்தால் நில்லுங்கள்

கேட்டைப் பார்த்ததும் அட்டையை நீட்டிவிடாதீர்கள். பெரும்பாலான ஊர்களில் லைன் மாறுவது கேட்டுக்கு உள்ளேயே முடிந்துவிடும், கேட் எதிரே வந்தால் நீங்கள் வெளியேறும் வழியில் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். வெளியே போய்த் திரும்ப வந்தால் புதுப் பயணமாகக் கணக்கிட்டுவிடலாம்.

விதிவிலக்குகள் உண்டு. இரண்டு லைன்களும் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களுடையது என்றால் நடுவில் கேட் இருக்கலாம். டோக்கியோவில் சில இடங்களில் ஒரே நிறுவனத்தின் லைன்களுக்கு நடுவிலும் வெளியே வந்து நடக்க வேண்டும். அங்கே டோக்கியோ மெட்ரோ காகித டிக்கெட்காரர்களுக்காக ஆரஞ்சு நிறத்தில் தனிக் கேட் வைத்திருக்கிறது, வெளியே வந்த 60 நிமிடத்துக்குள் அடுத்த கேட்டில் நுழைந்துவிட்டால் ஒரே பயணம்தான். பெர்லினில் இந்தத் தொல்லையே கிடையாது, அங்கே மெட்ரோவுக்குக் கேட்டே இல்லை, டிக்கெட் பரிசோதகர் எப்போது வேண்டுமானாலும் வருவார். லண்டனில் லைன் மாறும் நிலையங்கள் சிலவற்றில் நடைபாதையில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு கருவி நிற்கும், நகர மையத்தைத் தவிர்த்துச் சுற்றிப் போகிறவர்கள் அட்டையை அதில் ஒரு தட்டு தட்டினால் கட்டணம் குறையலாம். சந்தேகம் என்றால் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றே ஊழியரிடம் கேளுங்கள். லைன் நிறத்தையும் கடைசி நிலையத்தின் பெயரையும் காட்டினால் போதும், மொழியே வேண்டாம், கையை நீட்டிக் காட்டிவிடுவார்.

படி 7: புதிய பிளாட்பாரத்தில், ஏறுவதற்கு முன்

லைன் சரி, திசை? படிக்கட்டு இரண்டாகப் பிரியும் இடத்திலேயே சுவரில் நிலையங்களின் பட்டியல் இருக்கும், ஒவ்வொரு திசைக்கும் ஒன்று. நீங்கள் இறங்கும் நிலையம் எந்தப் பட்டியலில் இருக்கிறதோ அந்தப் பக்கம் போங்கள்.

அப்புறம் மின்னணுப் பலகையைப் பாருங்கள், ஏனென்றால் ஒரே பிளாட்பாரத்துக்கு வரும் எல்லா ரயிலும் ஒரே இடத்துக்குப் போகும் என்று சொல்ல முடியாது. டெல்லியின் நீல லைன் யமுனா பேங்க் தாண்டி இரண்டாகப் பிரிகிறது, ஒன்று நொய்டா பக்கம், ஒன்று வைஷாலி பக்கம். நியூயார்க்கில் எல்லா நிலையத்திலும் நிற்கும் ரயிலும், பாதியைத் தாண்டிக்கொண்டு போகும் விரைவு ரயிலும் ஒரே பிளாட்பாரத்தின் இரண்டு பக்கமும் வரும், அவசரத்தில் விரைவு ரயிலில் ஏறினால் உங்கள் நிலையம் ஜன்னலுக்கு வெளியே சரசரவென்று ஓடிவிடும். சுரங்கத்திலிருந்து காற்று முகத்தில் அடிக்க ஆரம்பித்ததும் எல்லோரும் கதவை நோக்கி நகர்வார்கள். ரயில் முன்னால் தள்ளிக்கொண்டு வரும் காற்று அது, எந்த ரயில் என்பதை அது சொல்லாது. பலகையில் பெயரைப் பார்த்த பிறகே ஏறுங்கள், இது போனால் அடுத்தது வரும்.

பெட்டி படுக்கை, சக்கர நாற்காலி, குழந்தை வண்டி

இவர்களுக்கு வழியே வேறு. லிஃப்ட் பெரும்பாலும் பிளாட்பாரத்திலிருந்து நடுத் தளம் வரைதான் போகும், அங்கிருந்து அடுத்த லைனின் லிஃப்ட்டைத் தேடிப் பிடித்து மறுபடி இறங்க வேண்டும். அதனால் லைன் பலகையோடு லிஃப்ட் படத்தையும் சேர்த்துத் தேடுங்கள். பழைய நிலையங்களில் சில பிளாட்பாரங்களுக்கு லிஃப்ட்டே இருக்காது, கிளம்பும் முன்பே படியில்லா வழி என்று குறித்திருக்கும் வரைபடத்தைப் பாருங்கள், தேவைப்பட்டால் மாறும் நிலையத்தையே மாற்றிக்கொள்ளுங்கள். தரையில் புடைத்திருக்கும் கோடும் புள்ளியும் பார்வையற்றோருக்கான பாதை, அதன்மேல் பெட்டியை வைத்துவிட்டு நிற்காதீர்கள்.

தப்பு நடந்துவிட்டால்

எதிர்த் திசை ரயிலில் ஏறிவிட்டீர்கள் என்று வையுங்கள். அடுத்த நிலையத்தில் இறங்குங்கள். அங்கே நடுவில் பிளாட்பாரமும் இருபக்கமும் தண்டவாளமும் இருந்தால் அப்படியே திரும்பி நின்றால் போதும், எதிர் ரயில் அங்கேயே வரும். நடுவில் தண்டவாளமும் இருபக்கமும் பிளாட்பாரமும் இருந்தால் ஏறி இறங்கி மறுபக்கம் போக வேண்டும், சில பழைய நிலையங்களில் அதற்குக் கேட்டுக்கு வெளியே போய்த்தான் வர முடியும். அப்படிப்பட்ட இடமாகத் தெரிந்தால் இன்னும் ஒரு நிலையம் போய், பெரிய நிலையமாகப் பார்த்துத் திரும்புங்கள்.

கூட்டமாகப் போகிறவர்கள் கிளம்பும் முன்பே ஒன்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்: கதவு மூடி யாராவது பிரிந்துவிட்டால், ரயிலில் போய்விட்டவர் அடுத்த நிலையத்தில் இறங்கி அதே பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும், நின்றுவிட்டவர் அடுத்த ரயிலில் வந்து சேர வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் தேடிக்கொண்டு கிளம்பினால் இரண்டு ரயிலும் எதிரெதிராகக் கடந்துபோகும். யாரையாவது சந்திப்பதாக இருந்தாலும் "மெட்ரோ ஸ்டேஷனில் இருக்கிறேன்" என்று சொல்லாதீர்கள், டோக்கியோவின் ஷின்ஜுகு மாதிரி இருநூறு வாசல் உள்ள இடத்தில் அதற்கு அர்த்தமே இல்லை. எந்த லைன், எந்தத் திசைப் பிளாட்பாரம், எந்த முனை என்று சொல்லுங்கள்.

ராத்திரிப் பயணம் என்றால் கடைசி ரயிலின் நேரத்தை ஏறும் நிலையத்தில் மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். முதல் லைனில் உங்களுக்கு ரயில் இருக்கும், மாறும் நிலையத்துக்கு வரும்போது இரண்டாவது லைனின் கடைசி ரயில் போயிருக்கும். பார்க்க வேண்டியது, மாறும் நிலையத்தில் இரண்டாவது லைனின் கடைசி ரயில் உங்கள் திசையில் எப்போது என்பது. அதிலிருந்து நடைபாதைக்கான பத்து நிமிடத்தையும் முதல் லைனின் பயண நேரத்தையும் கழித்து, அதற்கும் ஒரு ரயில் முன்னதாகவே ஏறிவிடுங்கள்.